மாமன் மடி

மர்பி டவுன், பெங்களூர்-8
15-12-1967

ஆதி அண்ணாவுக்குப் பாஞ்சாலி எழுதுவது.

நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒப்புக்குக் கேட்பேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். நீ நலமா?

திங்கட்கிழமை விடியற்காலையில் கொய்னா பக்கம் பூமி அதிர்ந்த சேதியைப் பக்கத்து வீட்டு பெர்னதெத் அக்காவின் ரேடியோவில்தான் கேட்டோம். அது உன் கரம்வாடிக்கு எவ்வளவு தூரம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உன் தந்தி வந்தபோது, சைக்கிள் மணி கேட்டதுமே என் மாமியார் அழத் தொடங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பிரித்து 'சுகம்' என்று படித்த பிறகும் நிறுத்தவில்லை. அழ ஆரம்பித்தால் ஒரு பாட்டம் அழுதுதான் ஓய்வார்கள், உனக்குத்தான் தெரியுமே.

ஆனால் நேற்றுப் பேப்பரில் வேறு மாதிரி போட்டிருக்கிறது. பூகம்பத்தில் உங்கள் அணு நிலையத்தில் ஏதோ குழாய் உடைந்ததாம், இயந்திரத்தை நிறுத்திவிட்டார்களாம், சுற்றியிருக்கிற மீனவக் குப்பங்களைக் காலி செய்யச் சொன்னார்களாம். குழாயடியில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அய்யாவு அண்ணன் மனைவி மட்டும் கேட்டாள். "இன்னா பாஞ்சாலி, உங்க அண்ணன் வேலை செய்ற எடம் வெடிச்சிடுச்சாமே? அந்தப் பொகை காத்துல இங்க வருமா?" குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே என்ன வேலை என்று கேட்டால் துணி துவைக்கிறேன் என்று சொல்லிச் சிரிப்பாய். இங்கே கன்டோன்மென்டில் மிலிட்டரி லாண்டரி வேலையை விட்டுவிட்டு, துணி துவைக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அன்றைக்கே கேட்டேன். நீ கேட்கவில்லை.

கஜாவுக்குத் தை மாதம் காது குத்தப் போகிறோம். அவன் பிறந்ததற்கும் நீ வரவில்லை. அம்மா அப்பா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருத்தன்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நீ வந்தே ஆக வேண்டும். இதில் சாக்குப்போக்கு எதுவும் எடுபடாது.

உன் தங்கை,
பாஞ்சாலி

*

கரம்வாடி கேம்ப்
22-12-1967

பாஞ்சாலிக்கு,

கையும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. எதுவும் வெடிக்கவில்லை. அய்யாவு மனைவியிடம் சொல், புகையும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நான் குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். கட்டில் தானாக நகர்ந்து சுவரில் போய் இடித்தது. வெளியே ஓடி வந்தால் நாய்கள் எல்லாம் ஒரே குரலில் ஊளையிடுகின்றன. அது அடங்குவதற்குள் நிலையத்துச் சங்கு. அதை நான் பயிற்சிக்கு ஊதித்தான் கேட்டிருக்கிறேன். அது பயிற்சி இல்லை என்று தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன். பயந்துகொண்டேதான் ஓடினேன், மறைக்க மாட்டேன்.

அணு உலை தானாக நின்றுவிட்டது. அது அப்படித்தான் நிற்கவேண்டுமாம். ஒரு குழாய்மூட்டு விட்டுப்போய் உள்ளே தரையில் தண்ணீர் பரவியது. அடைக்கப் போனவர்கள் முறை வைத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து உடுப்பைக் கழற்றிப் போடவேண்டும். அடுத்தவன் புது உடுப்போடு போகவேண்டும். அந்த உடுப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். வாசல்வரைக்கும் குவிந்துவிட்டது. குப்பத்து ஜனங்கள் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு, அடுப்பில் வைத்த சோற்றைக்கூட இறக்காமல் லாரி ஏறினார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உன் ஞாபகமும் வந்தது. இப்போது அவர்களும் திரும்பிவிட்டார்கள். நிலையத்துக்கு வெளியே எதுவும் போகவில்லை என்று பெரிய அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

எல்லாருக்கும் லீவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தைக்குள் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று சீரை முன்னாலேயே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கஜாவுக்குச் சட்டை, உனக்குச் சேலை, மாப்பிள்ளை முனிராஜுக்கு வேட்டி. சீரை வெள்ளைத் துணியில் தைத்து அனுப்ப மனம் வரவில்லை. ஸ்டோரில் மஞ்சள் துணி ஒரு பீஸ் கேட்டு வாங்கி அதில் தைத்தேன். நல்ல கெட்டித் துணி.

பயப்படாதே. மடி தயாராக இருக்கிறது.

அண்ணன்,
ஆதிகேசவன்

*

மர்பி டவுன்
3-1-1968

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. சேலை நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

இங்கே நாளுக்கு நாள் பேஜாராகிக்கொண்டிருக்கிறது. மார்க்கெட்டில் கடல் மீனை யாரும் தொடுவதில்லை. அந்தப் பக்கத்துக் கடலில் விஷம் கலந்துவிட்டதாம். மீன் விற்கிற அம்மாள் மங்களூர் மீன்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். மங்களூரும் அதே கடல்தானே என்கிறார்கள். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவதில்லை. மேகம் கறுத்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். பெர்னதெத் அக்கா மாதா கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டு வந்து எங்கள் வாசலிலும் தெளித்துவிட்டுப் போனார்கள். "தப்பா நெனைக்காதே பாஞ்சாலி, எல்லாருக்கும்தான் தெளிக்கிறேன்" என்றார்கள். வேறு யார் வாசலிலும் ஈரம் இல்லை. நான் பார்த்தேன்.

அவர் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் சொன்னாராம், அந்த இடத்தில் இருந்தவர்கள் உடம்பிலேயே அது தங்கிவிடும், அவர்கள் தொட்டால் தொட்டவருக்கும் வரும் என்று. அதை இவர் சாப்பிடும்போது சொன்னார். அதன் பிறகு ஒரு கவளம்கூட இறங்கவில்லை, அவருக்கும் எனக்கும். மாமியார் நேரடியாகவே கேட்டார்கள். "ஆதி வரணும்னு என்ன? அய்யாவு உனக்குப் பெரியப்பா மவன்தானே? அவன் மடியில வச்சிக் குத்தினா ஆவாதா?" ஆகாது என்றேன். நீ லீவு கிடைத்ததும் எழுது.

கஜா நன்றாக இருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பார்சல் துணியை வீணாக்கவில்லை. அவ்வளவு கெட்டியான துணியை யார் தூக்கிப் போடுவார்கள்? இலவம்பஞ்சு அடைத்து அவனுக்கு ஒரு தலையணை தைத்துவிட்டேன். அதில் முகம் புதைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

பாஞ்சாலி

*

கரம்வாடி
9-1-1968

பாஞ்சாலி,

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தத் தலையணையைக் கஜாவிடமிருந்து எடுத்துவிடு. முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படி.

பயப்பட ஒன்றும் இருக்காது. ஆனாலும் எடுத்துவிடு. உலை இருக்கிற உள்பகுதிக்குப் போகிறவர்கள் போடுகிற உடுப்பு மஞ்சள். அது வெளியே வரக்கூடாது. நான் எடுத்தது அந்த உடுப்பு இல்லை. உடுப்பு தைப்பதற்காக வந்த புதுத் துணி, யாரும் போடாதது. அதனால்தான் துணிந்து எடுத்தேன். மங்கலமான நிறமாயிற்றே என்றுதான் நினைத்தேன், வேறு எதுவும் என் புத்தியில் ஓடவில்லை.

உன் கடிதத்தில் 'முகம் புதைத்துக்கொண்டு' என்று படித்த பிறகு தூங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பூகம்பத்தன்று அந்தத் துணிக்கட்டு ஸ்டோருக்குள் இல்லை. உடுப்பு போதாமல் அவசரமாகத் தைப்பதற்காக நடையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்த நடையில்தான் உள்ளே போய் வந்தவர்கள் ஓடினார்கள். ஈர பூட்ஸோடும் சிலர் ஓடினார்கள். கட்டின்மேல் தண்ணீர் தெறித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதற்குமேல் பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு வரவில்லை.

துணியில் ஒரு துண்டு வெட்டி உறையில் வைத்து உடனே அனுப்பு. இங்கே அளந்து பார்க்கிற கருவி இருக்கிறது. நம்ம மல்லேஸ்வரத்துக்காரர் சேஷகிரி சார் அதை வைத்திருக்கிறார். வெட்டிய கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவு. கஜாவைக் குளிப்பாட்டு.

இதை யாரிடமும் சொல்லாதே.

ஆதி

*

மர்பி டவுன்
16-1-1968

அண்ணாவுக்கு,

யாரிடமும் சொல்லாதே என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும்.

நீ இங்கே இருந்தவன்தானே? நம் வட்டாரத்தில் வெளியூர்க் கடிதம் வந்தால் குழாயடியில் நின்று சத்தமாகப் படிப்பதுதான் வழக்கம் என்பது உனக்கு மறந்தே போய்விட்டதா? தபால்காரர் கொடுத்ததும் இவர் எப்போதும்போல உறையைக் கிழித்து, 'தலையணையை எடுத்துவிடு' என்று படித்துவிட்டார். படிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தோன்றவில்லை. ஈர பூட்ஸ் வரைக்கும் படித்தார். குடங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள் அண்ணா. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். கஜா அந்தத் தலையணைமேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாமியாரும் இன்னும் இரண்டு பெண்களும் அவனைத் தூக்கிப்போய் முற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, சிவப்புச் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார்கள். தை மாதத்துக் குளிரில் அவன் உடம்பு நீலம் பாரித்துவிட்டது. நானும்தான் தேய்த்தேன். அவர்களைவிட அழுத்தித் தேய்த்தேன். அன்று மாலையே காய்ச்சல். காய்ச்சலைப் பார்த்ததும் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது, எனக்கும்தான். ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் குளிர்ந்த தண்ணீரால் வந்த காய்ச்சல் என்றார். இவர் தலையணை விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

தலையணையை எரிக்கலாம் என்றார்கள். புகை வரும் என்று ஒருவர் தடுத்தார். புதைக்கலாம் என்றால் யார் வாசலில் என்று சண்டை. ஏரியில் போடலாமென்று எடுத்துப்போனவரை அங்கே இருந்தவர்கள் அடிக்க வந்துவிட்டார்கள். இப்போது அது ஒரு தகர டப்பாவுக்குள் முற்றத்துக் கோடியில் கிடக்கிறது. அந்தப் பக்கமாக ஒருவரும் நடப்பதில்லை. எங்கள் முறை வரும்போது குழாயடியில் யாரும் நிற்பதில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கலை யாரும் வாங்கவில்லை.

துண்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். அதனால் பிரயோஜனம் உண்டா என்று தெரியாது.

கஜாவுக்கு ஏதாவது ஆனால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன். இதை எழுதக்கூடாது என்று நேற்றெல்லாம் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

பாஞ்சாலி

*

கரம்வாடி
23-1-1968

பாஞ்சாலி,

துணி சுத்தம்.

உன் உறையைப் பிரிக்காமலேயே சேஷகிரி சாரிடம் கொடுத்தேன். அந்தக் கருவி சும்மா இருக்கும்போதும் எப்போதாவது டிக் என்று ஒரு சத்தம் போடும். அது எங்கேயும் உண்டாம். துணியை அதன் கீழே வைத்தார். அதே மாதிரி எப்போதாவது ஒரு டிக். திருப்பி வைத்தார், மடித்து வைத்தார், மறுபடி வைக்கச் சொல்லி நான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், வைத்தார். "ஏன்யா, இதுல ஒண்ணுமே இல்ல. இத வச்சு நீ சட்டை தைச்சுப் போட்டுக்கலாம்" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதைக் குழாயடியில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல். இரண்டு தரம் படிக்கச் சொல்.

கஜாவின் காய்ச்சல் இறங்கியதா என்று உடனே எழுது. லீவு கொடுத்துவிட்டார்கள். காது குத்து நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று மாப்பிள்ளை கார்டு போட்டிருந்தார். என்னை வரச் சொல்லி அதில் ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் வருகிறேன். தங்கை வீட்டுக்கு வர எனக்கு அழைப்பு எதற்கு?

ஆதி

*

மர்பி டவுன்
28-1-1968

அண்ணாவுக்கு,

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஜா சாப்பிடுகிறான்.

உன் கடிதத்தைப் படித்தார்கள். இரண்டு தரம் படித்தும் யாரும் நம்பவில்லை. அங்கே சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன எழுதுவான் என்றார்கள். டப்பா இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அய்யாவு அண்ணன் மடியில் வைத்துக் குத்துவதாக முடிவாகிவிட்டது. நீ வந்தால் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆனேக்கல்லுக்குப் போய்விடுவதாகச் சொல்கிறார்கள். அதனால் வரவேண்டாம்.

அது மட்டும்தான் காரணம் என்பதுபோல் எழுதிவிட்டு உறையை ஒட்டப் போனேன். ஒட்ட முடியவில்லை. துணி சுத்தம் என்று எழுதினாய். அந்த வாரம் முழுக்க அந்த உடுப்புகளை உன் கையால்தானே துவைத்தாய்? உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லையே, ஏன்?

பாஞ்சாலி

*

குண்டக்கல் ஜங்ஷன்
5-2-1968

பாஞ்சாலி,

வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பெஞ்சில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வந்தேன். நீயும் பார்த்தாய். சிட்டி ஸ்டேஷனில் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு நேரே அம்மன் கோயிலுக்கு வந்தேன். சத்தியமாகப் பிள்ளையைத் தொட வரவில்லை. ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். அய்யாவு மடியில் அவன் திமிறிக்கொண்டிருந்தான். நம் அப்பாவின் மூக்கு அவனுக்கு. ஆசாரி கம்பியை எடுக்கும்போது நீ நிமிர்ந்தாய். நான் கையைத் தூக்கினேன். நீ சட்டென்று ஓரடி பின்னால் போய், முந்தானையை எடுத்து அவன்மேல் போர்த்தினாய். அவ்வளவுதான். நான் திரும்பிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பூகம்பத்தன்று முடிவில் எங்கள் கைகளைக் கருவிக்குக் கீழே வைத்தார்கள். என் கை சத்தம் போட்டது. விடாமல் போட்டது. கழுவினேன், மறுபடி வைத்தார்கள், மறுபடி சத்தம். தோல் உரியும்வரைக்கும் கழுவினேன். இரண்டு மூன்று நாளில் சத்தம் நின்றுவிட்டது. இப்போது வைத்தால் அந்தத் துணியைப் போலத்தான், ஒன்றும் இல்லை. தொட்டால் ஒட்டாது என்று சேஷகிரி சார் அடித்துச் சொல்கிறார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார். எனக்குப் பிற்பாடு எதுவும் வராதே என்று கேட்டால் மட்டும் கருவியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இதை உனக்கு எழுதாமல் விட்டது நீ பயப்படுவாய் என்றல்ல. எழுதினால் எனக்கே பயம் வந்துவிடும் என்றுதான்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஓரடி பின்னால் போயிருப்பேன். அது தெரிவதால் கோபம் இன்னும் கூடுகிறது, குறையவில்லை. வண்டி வருகிறது.

ஆதி

*

மர்பி டவுன்
10-2-1968

அண்ணா,

நான் பின்னால் போனது மாமியாருக்காக இல்லை, ஊருக்காகவும் இல்லை. என்னை யாரும் தள்ளவில்லை. உன்னைப் பார்த்ததும் சந்தோஷம்தான் முதலில் வந்தது, ஆனால் அதற்குள் கால் நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காலை வெட்டிப் போடலாமா என்று இருக்கிறது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆசாரி வலது காதைக் குத்தினார். கஜா வீறிட்டான். நீ திரும்பி நடக்கிறதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் வேட்டியில் கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை. அடுத்த காதுக்குக் கம்பியை எடுத்தபோது பிள்ளையை அய்யாவு அண்ணன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினேன். காதில் ரத்தத்தோடு அவன் கத்துகிறான், பின்னாலேயே எல்லாரும் கத்துகிறார்கள். பஸ் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். ஒரு காதுதான் இன்றைக்கு, இன்னொன்றை அவன் மாமன் வந்துதான் குத்த வேண்டும் என்று. அரைகுறையாக நிறுத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் மண்ணை வாரித் தூற்றினார்கள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. இவர் இரண்டு நாள் முறைத்தார். நேற்று இருட்டுவதற்கு முன்னால் அந்த டப்பாவைத் தானே எடுத்துவந்து, தலையணையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க அதைத் தன் தலைக்கு வைத்துக்கொண்டு முற்றத்தில் படுத்தார். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். ஜனங்கள் இன்னும் எங்கள் குடத்தருகே வரவில்லை. வருவார்களோ என்னவோ.

உன் கடிதத்தை இந்தத் தடவை நான்தான் வாங்கினேன், யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தொட்டால் ஒட்டாது என்பதை நம்பப் பார்க்கிறேன். பகலில் நம்புகிறேன். உன் கை சத்தம் போட்டதை நினைத்தால் கஜாவைத் தூக்கி என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன். உனக்குப் பிற்பாடு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயமும் இப்போது சேர்ந்துவிட்டது. அதற்கு எந்தக் கருவியை வைத்துப் பார்ப்பது?

பயம் போகட்டும், பிறகு கூப்பிடலாம் என்று இருந்தால் அவனுக்கு மீசை முளைத்துவிடும். அதனால் பயத்தோடுதான் கூப்பிடுகிறேன். மாசியில் நல்ல நாள் பார்த்து இவரே உனக்கு எழுதுவார், வரச் சொல்லித்தான் எழுதுவார். வந்து உட்கார். பிள்ளையை நானே கொண்டுவந்து உன் மடியில் வைக்கிறேன். வைக்கும்போது என் கை நடுங்கும். நீ அதைப் பார்க்காதே, அவனைப் பார்.

பாஞ்சாலி